மஞ்சள் ஸ்பிரிங்

புஷ்பத்துக்கு முதுகுவலி என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஐப்பசியில் தி.நகரில் தண்ணீர் தேங்கும் என்று தெரியுமே, அந்த மாதிரி தெரியும். அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை. "அவளுக்கு அது எப்பவும் உள்ளதுதான்" என்பார் அவள் கணவர் சண்முகவேல். சொல்லிவிட்டு, கடைச் சாவியை எடுத்துத் தரச் சொல்லி அவளையே கூப்பிடுவார்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை போட்டு முன்னுக்கு வந்த குடும்பம். கடையில் நிற்கிற பையன்களும் பெண்களும் பெரும்பாலும் ஊர்ப்பக்கத்து ஆட்கள். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு முதலாளி வீட்டில் பொங்கி அனுப்புவதுதான் வழக்கம். சண்முகவேலின் அப்பா ஆரம்பித்து வைத்தது. கடைக்கு அதில் ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையைக் கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் கிளறி, வடித்து, அடுப்பிலிருந்து இறக்கியவள் புஷ்பம். அது அவள் முதுகில்தான் உட்கார்ந்திருந்தது. இப்போது சமையலுக்கு ஹம்சா என்று ஒருத்தி இருக்கிறாள். இருந்தாலும் அண்டாவின் ஒரு பக்க வளையத்தைப் பிடிக்க "அம்மா!" என்று குரல் வரும். உப்புப் பார்க்க வரும். மகன் ஸ்ரீஹரியின் அறையிலிருந்து வெள்ளைச் சட்டைக்காக வரும். கடையிலிருந்து போனில் வரும், ரசம் தண்ணியாய் இருந்ததாமே என்று. பெயர் சொல்லிக் கூப்பிடுவது சண்முகவேலின் அக்கா ஒருத்திதான். அந்த மதினி தூத்துக்குடியில் இருந்தாள். அவள் பெயரைச் சொன்னால் பின்னாலேயே ஒரு குறை வரும்.

ஒருநாள் காலையில் சாமி விளக்குக்கு எண்ணெய் விடக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், முறையாக உடற்பயிற்சி செய்தால் போதும் என்றார். நடையா, யோகாவா என்று வீட்டில் பட்டிமன்றம் நடந்தது. மருமகள் அனுப்ரியாதான் தீர்ப்புச் சொன்னாள்.

"அத்தே, நான் அடையார்ல பிலாட்டீஸ் போறேன்ல, அங்க வாங்க. முதுகுக்குன்னே சொல்லித் தருவாங்க."

"இந்த வயசுல நான் குதிக்கவா?"

"குதிக்கவே வேணாம். படுத்துக்கிட்டுத்தான் பாதி."

படுத்துக்கொண்டு செய்கிற வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே புஷ்பத்துக்குப் புதிதாக இருந்தது. அந்த ஆசையில்தான் போனாள் என்றுகூடச் சொல்லலாம்.

காந்தி நகரில் ஒரு மாடியில் இருந்தது அந்த இடம். நடத்துகிறவள் வஜீஹா. திருவல்லிக்கேணிப் பெண், பிசியோதெரபி படித்தவள், முப்பதைத் தாண்டியிருக்கமாட்டாள். அங்கே கட்டில் மாதிரி சில மெஷின்கள் கிடந்தன. கட்டிலின் நடுவில் சக்கரத்தில் ஓடுகிற ஒரு மெத்தைப் பலகை. கால்மாட்டில் ஒரு கம்பி. பலகையைக் கால்மாட்டோடு இழுத்துப் பிடிக்கக் கலர் கலராக ஸ்பிரிங்குகள். பலகையில் மல்லாந்து படுத்து, கம்பியில் பாதத்தை வைத்து மெல்ல உந்தினால் பலகை தலைப்பக்கமாக ஓடும். அதே மெதுவில் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதில்தான் சூட்சுமம் இருந்தது.

"அவசரமே இல்ல புஷ்பம் மேம்" என்றாள் வஜீஹா. "விலா விரியற மாதிரி மூச்சு எடுங்க. தோள் பாருங்க, காதுகிட்ட ஏறிக்கிட்டிருக்கு. இறக்குங்க."

தோள் காதுவரை ஏறியிருப்பது அத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது. இறக்கினாள். இறங்கிய தோளோடு அவளுக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. வஜீஹா ஒரு டிஷ்யூவை எடுத்துக் கையில் வைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காததற்காகவே புஷ்பம் அவளைத் தன் மனசில் ஓர் உயரமான இடத்தில் வைத்தாள்.

மூன்று ஸ்பிரிங் போட்டால் கஷ்டம், ஒன்று போட்டால் சுலபம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நடந்தது நேர்மாறு. மஞ்சள் ஸ்பிரிங் இருப்பதிலேயே லேசானது. அதை மட்டும் போட்டால் பலகை நழுவி ஓடப் பார்க்கும். பிடித்து நிறுத்துவது வயிறும் முதுகும்தான். "பலம் போட்டு இழுக்கறதுல ஒண்ணுமில்ல மேம், விடாம பிடிச்சுக்கறதுலதான் இருக்கு" என்பாள் வஜீஹா. மஞ்சள் ஸ்பிரிங்கில் ஆடாமல் அசையாமல் போய்த் திரும்பிய அன்று, புஷ்பம் அடையாறிலிருந்து வரும் வழியெல்லாம் ஆட்டோவில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

முதுகு நேரானது. பாண்டி பஜாரில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உட்காராமல் நடந்தாள். படுத்தால் தூக்கம் வந்தது. எரிச்சலாகப் பேச வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு எடுத்துவிட்டுப் பேசினாள். உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்று விளம்பரத்தில் போடுவதெல்லாம் உண்மைதான் என்று அவள் யாரிடமும் அடித்துச் சொல்லியிருப்பாள். ஆனால் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது வேறு. வகுப்புக்குள் போனதும் போனை லாக்கரில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். அது அங்கே சட்டம். அந்த ஒரு மணி நேரம் அவளை யாரும் கூப்பிட முடியாது.

இந்த உண்மையை மனசோடு வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் கெட்டது.

வஜீஹா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேம், உங்க அனுபவத்த ஒரு சின்ன வீடியோவா சொல்றீங்களா? உங்க வயசுல இருக்கவங்க பயப்படறாங்க. நீங்க சொன்னா வருவாங்க. உடம்புக்கு என்ன ஆச்சு, மனசுக்கு என்ன ஆச்சுன்னு, ரெண்டு வார்த்தை."

புஷ்பம் முகம் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள். உடம்பைப் பற்றி நன்றாகச் சொன்னாள். பிறகு மனசுக்கு வந்தாள்.

"மனசுக்கு என்னன்னா, இங்க ஒரு மணி நேரம் என்னைய யாரும் கூப்பிட மாட்டாங்க. கல்யாணம் ஆனதுல இருந்து அப்படி ஒரு மணி நேரம் எனக்குக் கிடைச்சதே இல்ல. இங்க வந்துதான் நான் மூச்சு விடுதேன்."

வஜீஹாவுக்குக் கண் கலங்கியது. அதை அப்படியே போட்டாள். இன்ஸ்டாகிராமில் எங்கெங்கோ சுற்றி, அது தூத்துக்குடியில் மதினியின் போனுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது?

மதினி தம்பியை அழைத்தாள். ஸ்பீக்கரில்தான் பேசினார்கள். அந்த வீட்டில் ரகசியம் பேசுகிற பழக்கம் கிடையாது.

"ஏல, ஊரெல்லாம் பாக்குது. கல்யாணம் ஆனதுல இருந்து மூச்சு விடலையாம்லா? நீ என்ன அவ கழுத்தையா நெரிச்சுக்கிட்டு நின்ன? முதுகு சொகமாச்சுன்னு சொல்லு, சந்தோசம். இது என்னத்துக்கு?"

உடம்பு தேறியதில் யாருக்கும் வருத்தமில்லை. மனசு தேறியதைத்தான் பொறுக்க முடியவில்லை. மனசு தேறியது என்றால் அதற்கு முன்னால் அது கெட்டுக் கிடந்தது என்று அர்த்தமாகிவிடுகிறதே.

சண்முகவேல் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை. கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை, மனைவிக்கு நகை கேட்காமலே வாங்கிப் போட்டவர். "நான் ஒனக்கு என்னட்டி குறை வச்சேன்?" என்று கேட்டபோது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. குறை ஒன்றும் வைக்கவில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்று புஷ்பத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் எவ்வளவு அற்பமாக இருக்கும் என்றும் தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சில நாள் கழித்து வாசலில் ஒரு லோடு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது மெஷின். அதே கட்டில், அதே பலகை, அதே கம்பி, கலர் கலராக ஸ்பிரிங். ஹாலில் டி.வி.க்கு எதிரே, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் போடச் சொன்னார் சண்முகவேல்.

"இனிமே நீ அடையாறு வரைக்கும் அலைய வேண்டாம்" என்றார். முகமெல்லாம் வெளிச்சம். "வெளிநாட்டுச் சாமான். எவ்ளோ ஆனாலும் ஆவட்டும்னு வாங்கிட்டேன்."

"மாமா, மெஷின் இருந்தா போதாது. பக்கத்துல நின்னு பாக்க ஆள் வேணும்" என்றாள் அனுப்ரியா.

"அவதான் எல்லாம் கத்துக்கிட்டாளே. வீடியோல சொன்னாள்லா."

அனுப்ரியா மாமியாரைப் பார்த்தாள். புஷ்பம் தரையைப் பார்த்தாள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து மாய்ந்து போனார்கள். அடித்தால் புகார் சொல்லலாம். வாங்கிக் கொடுத்ததை யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

வீட்டில் மெஷினில் படுத்தாள். மூச்சை விலாவுக்குள் இழுத்தாள். "அம்மா, உப்பு!" என்றது சமையலறை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள். "அம்மா, என் ஏர்பாட்ஸ் பாத்தியா?" என்றான் ஸ்ரீஹரி. கடையிலிருந்து போன் வந்தது. லாக்கர் இல்லை. லாக்கர் இருந்தாலும் வீட்டுக்குள் இருக்கிற பெண்ணை எங்கே வைத்துப் பூட்டுவது? கொஞ்ச நாளில் மடிக்காத துணி, பேப்பர், கடையிலிருந்து மாற்றக் கொண்டுவந்த சேலைக்கட்டு எல்லாம் பலகையில் ஏறின. மறுபடி அவளுக்குத் தோள் காதுக்கு ஏறியது. அது ஏறுவது இப்போது அவளுக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்த காலமே தேவலை என்று தோன்றியது.

அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம். நகையைக் கேட்டால்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். அது எப்படித் திரும்பக் கிடைக்கும் என்று யோசித்து யோசித்து, ஒருநாள் ஹாலில் யாருமில்லாதபோது மெஷினுக்குக் கீழே கையை விட்டு மஞ்சள் ஸ்பிரிங்கைக் கழற்றினாள். தன் அறை பீரோவில் கூறைப்புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். தான் செய்தது திருட்டா என்று ஒரு நிமிஷம் குழம்பினாள். தனக்கு வாங்கிக் கொடுத்த பொருளைத் தானே திருடுவது எந்தக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை.

"என்னங்க, அந்த மஞ்சள் ஸ்பிரிங் தொய்ஞ்சு போச்சு" என்றாள் சாயந்தரம். "அறுந்து மேல பட்டுறக் கூடாதேன்னு கழட்டிக் குப்பையில போட்டுட்டேன். முதுகுக்கு அதுதான் முக்கியம். வெளிநாட்டுல இருந்து வரணுமாம், வஜீஹா சொன்னா. அதுவரைக்கும் நான் அடையாறு போய்ட்டு வரட்டுமா?"

சண்முகவேல் குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தார். "சரி, போய்ட்டு வா" என்றார்.

போனாள். லாக்கரைப் பூட்டினாள். "எங்க போயிட்டீங்க புஷ்பம் மேம்?" என்று வஜீஹா கட்டிக்கொண்டாள். அன்றைக்குச் செய்ததைப் போல நன்றாகப் புஷ்பம் அதற்கு முன்பு ஒருநாளும் செய்ததில்லை. அடுத்த வகுப்புக்கும் போனாள். இனிப் பிழைத்தோம் என்றே நினைத்தாள்.

அவள் மறந்தது ஒன்றுதான். அவள் புருஷன் வியாபாரி. பணம் போட்டு வாங்கின சாமான் ஹாலில் சும்மா கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயப்பேட்டையிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெயர் சர்தார். வண்டிகளுக்கு ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கிறவர்.

"வண்டிச் சாமான் விக்கிற ஜி.பி. ரோட்டுல கிடைக்காத ஸ்பிரிங்கா?" என்று பெருமையோடு கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் சண்முகவேல்.

சர்தார் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். பலகையை ஒரு தள்ளு தள்ளினார். "இன்னா சார் இது, கட்டிலுக்கு வீலு வச்சிக்கீறாங்கோ?"

"எக்சர்சைஸ் மெஷின் பாய். இந்த இடத்துல ஒரு ஸ்பிரிங் வேணும்."

"சுத்திர்லாம் சார். பழ்சு கீதா? பழ்சு குட்த்தா அளவு, கொக்கி எல்லாம் அதும் மேரியே போட்டுத் தந்துர்றேன். அளவு இல்லாத போட்டா கொக்கி கரீட்டா குந்தாது."

"பழசை இவ குப்பையில போட்டுட்டா."

சர்தார் புஷ்பத்தைப் பார்த்தார். "இல்லியாம்மா?"

பீரோ பக்கத்து அறையில்தான் இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு சண்டை நடந்திருக்கும். மதினிக்குப் போன் போயிருக்கும். அடையாறு அத்தோடு முடிந்திருக்கும். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. புஷ்பம் வாயைத் திறந்தாள்.

"இல்ல" என்றாள்.

"அப்ப நீ ஒரு மதிப்புக்குச் சுத்து பாய். நல்லா ஸ்டிராங்கா போடு. அந்த வெளிநாட்டுக்காரன் மாதிரி தொய்யற சமாச்சாரம் வேணாம்."

மறுநாளே ஸ்பிரிங் வந்தது. கறுப்பாக, தடியாக, கிரீஸ் வாடையோடு இருந்தது. சண்முகவேல் தன் கையாலேயே மாட்டினார். கொக்கி வளையத்தில் கொஞ்சம் ஆடியது. அதை ஒரு தட்டுத் தட்டினார். "வண்டியையே தாங்குமாம், ஒன்னையத் தாங்காதா?" என்று சிரித்தார். அடையாறு முடிந்தது.

புஷ்பம் அந்தக் கறுப்பு ஸ்பிரிங்கைத் தொடவில்லை. மற்றதை மாட்டிக்கொண்டு ஏதோ பேருக்குக் காலை நீட்டி மடக்கினாள். தை மாசத்தில் மைலாப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு மதினியும் அவள் வீட்டுக்காரரும் வந்து இறங்கும்வரை அப்படியே போனது.

மதினி ஹாலில் உட்கார்ந்து காபி குடித்தாள். மெஷினை மேலும் கீழும் பார்த்தாள். "இதுதான் அதா?" என்றாள்.

"இதேதான். இந்த ஸ்பிரிங் பாரு, நான் சுத்த வச்சது" என்றார் சண்முகவேல். பிரிட்ஜ் வாங்கினால் திறந்து காட்டுவதும், ஏ.சி. வாங்கினால் ஓட விட்டுக் காட்டுவதும் அந்தக் குடும்பத்தில் மரியாதை. "ஏட்டி, செஞ்சு காட்டு. அக்கா பாக்கட்டும்."

"சேலையில எப்படிங்க?"

"காலத்தான நீட்டி மடக்கப் போற? வெளி ஆளா யாரு இருக்கா?"

மதினியின் வீட்டுக்காரர் முகத்தைப் பேப்பருக்குள் வைத்துக்கொண்டார். அனுப்ரியா உள்ளறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். அவள் வந்து ஏதாவது சொல்வாளா என்று புஷ்பம் கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. சண்முகவேல் மற்ற ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தன் ஸ்பிரிங்கை மட்டும் விட்டுவைத்தார்.

சேலையைக் கணுக்காலோடு ஒடுக்கிக்கொண்டு புஷ்பம் படுத்தாள். கூசிப்போனாள். இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு ஆக்கிப் போட்டு, கடைசியில் காபிக்குத் தொட்டுக்கொள்ளத் தான் வித்தை காட்டுவதாக அவளுக்குப் பட்டது. கம்பியில் பாதத்தை வைத்து உந்தினாள். சுவரைத் தள்ளுவது போல இருந்தது. பலகை முனகிக்கொண்டு நகர்ந்து, வெடுக்கென்று திரும்பியது.

"அம்புட்டுதானா?" என்றாள் மதினி. "இதுக்கா புஷ்பம் நீ அடையாறு போயி மூச்சு விட்ட?"

புஷ்பத்துக்குக் கோபம் வந்தது. மூச்சு எடுக்கவில்லை, தோளை இறக்கவில்லை. இருக்கிற பலத்தையெல்லாம் காலில் கூட்டி ஓர் உந்து உந்தினாள். கொக்கி வளையத்தை விட்டுத் துள்ளியது. பிடிக்க ஒன்றுமில்லாத பலகை அவளோடு பின்னால் ஓடி, மறுமுனையில் மோதியது. சேலைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, எழப் பார்த்தவள் திருகிக்கொண்டு சரிந்தாள். மெஷினின் இரும்பு விளிம்பு அவள் நடுமுதுகில் இறங்கியது.

முதுகெலும்பில் விரிசல் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் வேண்டியதில்லை, ஆனால் மாசக்கணக்கில் படுக்கை. அதற்குப் பிறகும் பெல்ட். பழைய மாதிரி குனிந்து நிமிர்வது சந்தேகம்தான்.

சண்முகவேல் அழுதார். பொய் அழுகை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தேம்பித் தேம்பி அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "அந்தப் பாழாப்போன பிலாட்டீஸ் பண்ணுன வேலை. நான் அப்பவே நடை போதும்னு சொன்னேன்." அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே அது ஞாபகம் வந்துவிட்டது.

வஜீஹா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. மதினி, "வந்தவங்க முதுக ஒடிக்கறதுக்கா கிளாஸ் நடத்துத?" என்று நேராகவே கேட்டாள்.  வஜீஹா புஷ்பத்தின் பக்கத்தில் குனிந்து, "அந்த மஞ்சள் ஸ்பிரிங் அவ்வளவு சீக்கிரம் தொய்யாதே மேம்" என்று மெல்லச் சொன்னாள். புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது சாத்துக்குடிப் பை மட்டும் இருந்தது. வீடியோவை வஜீஹா தானாகவே நீக்கிவிட்டாள் என்று பிறகு அனுப்ரியா சொன்னாள்.

மெஷின் கடை குடோனுக்குப் போனது. துணிக்கட்டுகளை ஏற்றி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்த்த அந்தப் பலகை ரொம்ப வசதியாக இருக்கிறதாம். ஸ்ரீஹரி சிரித்துக்கொண்டே சொன்னான்.

புஷ்பம் அறையில் படுத்திருந்தாள். அவளை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. காலையில் கூப்பிடுவதில்லை, மத்தியானம் கூப்பிடுவதில்லை. அவள் கேட்டது ஒரு மணி நேரம். பொழுது மொத்தத்தையும் கொடுத்துவிட்டார்கள். உப்புப் பார்க்க "அனு அக்கா!" என்றது சமையலறை. சட்டைக்கு "அனு!" என்றான் ஸ்ரீஹரி. சாவிக்கு "எம்மா, அனு!" என்றார் சண்முகவேல். கடையிலிருந்து வந்த போன்கூட, எங்கே மாறிப் போக வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அனுப்ரியாவுக்கு மாறியிருந்தது. அவள் காதில் ஆபீஸ், கையில் கரண்டி. அடையாறுக்குப் போவதை அவளும் நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நேரம்தான் இல்லை.

ஒருநாள் மத்தியானம் அவள் மாமியாருக்கு மாற்று நைட்டி எடுக்கப் பீரோவைத் திறந்தாள். அடுக்கிலிருந்து கூறைப்புடவை சரிந்தது. அதோடு மஞ்சள் ஸ்பிரிங் தரையில் விழுந்து உருண்டு கட்டில் காலில் மோதி நின்றது. அனுப்ரியா அதைக் குனிந்து எடுத்தாள். இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பார்த்தாள். அது தொய்யாமல் திரும்பி வந்தது.

"ஏன் அத்தே?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் புஷ்பத்துக்குத் தாங்கவில்லை.

"ஒரு மணி நேரத்துக்குத்தான்" என்றாள் புஷ்பம்.

அனுப்ரியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய இரண்டு தோளும் காதை ஒட்டி ஏறியிருந்ததைப் புஷ்பம் அப்போதுதான் பார்த்தாள். "தோளை இறக்கு அனு" என்றாள். அனுப்ரியாவின் கண்ணில் சட்டென்று நீர் கட்டியது. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள்.

"அனு அக்கா! அண்டா இறக்கணும்!" என்றாள் ஹம்சா, சமையலறையிலிருந்து.

அனுப்ரியா ஸ்பிரிங்கைப் புடவைக்கு அடியில் இருந்த இடத்திலேயே வைத்துப் பீரோவைச் சாத்திவிட்டு எழுந்து போனாள்.

புஷ்பத்துக்குத் தாகமாக இருந்தது. சொம்பு ஜன்னலோரத்தில் இருந்தது, கைக்கு எட்டாது. கூப்பிடக் கூடாது என்று நினைத்தாள். அந்தப் பெண் ஐந்து நிமிஷமாவது நின்ற இடத்தில் நிற்கட்டும் என்று நினைத்தாள். வஜீஹா சொல்லித் தந்தபடி விலா விரிய மூச்சு எடுத்தாள். முதுகு வலித்தது. பாதியில் நிறுத்தி, மறுபடி எடுத்துப் பார்த்தாள். தொண்டை ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம்தான் பொறுத்திருக்க முடியும்?

"அனு!" என்று கூப்பிட்டாள்.